ஜீவியின் முறை

ராஜ்கோட் பக்கத்து வேலாவட் அருங்காட்சியகத்தில் நான் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். அந்தப் பத்தொன்பது வருடத்தில் பெரிய தவறு என்று ஒன்றுதான் செய்தேன். அதுவும் செய்தபோது எனக்குத் தெரியாது.

எங்களுடையது சின்ன அருங்காட்சியகம். பழைய தர்பாரின் விருந்தினர் மாளிகை. பஞ்சு பிதுங்கும் சிறுத்தை ஒன்று, வாள்கள், நாணயங்கள். இவை தவிர, ஆற்றங்கரை மேட்டில் தோண்டி எடுத்த மண் பொருட்கள். நாலாயிரம் வருடம் பழையவை. காப்பாட்சியர் வைத்யா சாகேப்புக்கு உயிர் அந்த மண் பொருட்களில்தான். நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, அடிக்கடி கை கழுவுவார். வீட்டில் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளோடு பழகவும் தெரியாது.

சாலைக்கு எதிர்ப்புறம் பாலமந்திர் என்ற நகராட்சி மழலையர் பள்ளி. நாலு முதல் ஆறு வயது வரை இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒரே ஆசிரியை, குந்தன்பென் மக்வானா; பென் என்றால் அக்கா. டிசம்பரில் ஒரு நாள் அவர் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார். காவல்காரர் எல்லோரையும் வாயில் விரல் வைக்கச் சொல்லி, வரிசையாக உள்ளே விட்டு, வரிசையாக வெளியே அனுப்பினார். மொத்தம் பதினோரு நிமிடம். ஒரு பையன் பீரங்கியின் அடியில் சிறுநீர் கழித்துவிட்டான். அதைத் தவிர அசம்பாவிதம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை குந்தன்பென் தனியாக வந்தார்.

"சாகேப், நேத்து மியூசியத்துல என்ன பாத்தீங்கன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?" வைத்யா சாகேப் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பதினோரு பேர் ஃபேன்னு சொன்னாங்க. ஆறு பேர் காவல்காரர் மீசை. நாலு பேர் பல்லி. மிச்சப் பேர், முன்னாடி நின்ன பிள்ளையோட தலையத்தான் பாத்தாங்களாம்."

"அதுக்கு நான் என்ன செய்யறது பென்? சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் புரியாது. பத்து வயசுக்கு மேல கூட்டிட்டு வாங்க."

"மூணாவது அலமாரில ஒரு மண் காளை இருக்கே. அதுக்குக் கீழ 'விளையாட்டுப் பொருள்'னு சீட்டு வெச்சிருக்கு. எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"அதை வெச்சு விளையாடினது யாரு? பத்து வயசுக்கு மேலயா?"

வைத்யா சாகேப் பேனாவை மூடினார். என்னிடம் தேநீர் சொல்லச் சொன்னார். வந்த தேநீரைத் தட்டில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்து முடித்தார். அதுவரை குந்தன்பென் எழுந்து போகவில்லை.

அதன் பலன்தான் பிப்ரவரியில் வந்த கர்சன்பாய். நல்ல குயவர், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர். பிள்ளைகள் விளையாட, அந்தக் காளையைப் போலவே பத்துக் காளைகள் செய்யும் வேலை அவருடையது. அசலை வெளியே அனுப்ப வைத்யா சாகேப்புக்கு மனம் வரவில்லை. அதனால் கர்சன்பாய் எங்கள் பின்கட்டிலேயே உட்கார்ந்து, அசலை முன்னால் வைத்துக்கொண்டு பிசைந்தார். பத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டு, புகையேற்றி, பழைய நிறம் வரவழைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அசலையும் எடுத்துப் பதினொன்றையும் ஒரே தட்டில் வரிசையாக வைத்தோம். வைத்யா சாகேப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை. பிறகு ராஜ்கோட்டுக்குப் பேருந்து பிடிக்கப் போய்விட்டார்.

அசல், தட்டின் வலது கோடியில் இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைப்பது என் வேலை. அதற்குள் தொலைபேசி மணி அடித்தது. பேசிவிட்டு வந்தபோது, பெருக்க வந்தவள் தட்டைத் தூக்கி மேசையின் மறுபக்கம் வைத்திருந்தாள். நான் வலது கோடியில் இருந்ததை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மற்ற பத்தையும் மரப்பெட்டியில் அடுக்கினேன். எங்களிடம் பொருளின் எண்ணைப் பலகையில்தான் ஒட்டுவது வழக்கம். பொருளின் மேல் எழுதுவதில்லை. அதுவும் பின்னால் விசாரணையில் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது.

தட்டு திரும்பி வைக்கப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் அருங்காட்சியகத்தின் பக்கத்து அறையில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள். ஜூனில் அந்த அறை ஒழுக ஆரம்பித்ததும், மழைக்காலம் முடியும்வரை பெட்டியைப் பாலமந்திருக்கே கொடுப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பத்துக் காளைகளும் இருக்கின்றனவா என்று எண்ணி, பதிவேட்டில் குறித்துவிட்டு வர வேண்டும். அங்கே பெரியவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. நான் பிள்ளைகளின் முக்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருப்பேன்.

தரையில் ஆற்று மணலைக் கொட்டித் தெரு போட்டிருந்தார்கள். தீப்பெட்டிகள்தான் வண்டிகள். புளியங்கொட்டைகள் பருத்தி மூட்டைகள். குந்தன்பென் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. கேட்பார், அவ்வளவுதான்.

"இந்த வண்டில எத்தனை மூட்டை ஏறும்?"

"நூறு!"

"ஏத்திப் பாரு."

ஆறு கொட்டை ஏற்றி இழுத்தால் காளை பக்கவாட்டில் சரிந்து விழும். ஐந்துதான் தாங்கும். எல்லாக் காளைக்கும் அப்படித்தான், ஒன்றைத் தவிர. அது ஒன்பது கொட்டையை இழுத்தது. அதற்குப் பெயர் ராஜா. ராஜா மட்டும் ஏன் விழுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை நடந்தது. அவன் நிறையச் சாப்பிடுகிறான் என்றான் ஒருவன். அவனுக்குக் கோபம் அதிகம் என்றான் இன்னொருவன். ஜீவி என்று ஒரு பெண், பஞ்சாலைத் தொழிலாளியின் மகள், ஐந்து வயது. அவள் பாவாடை நூலைப் பிய்த்து எல்லாக் காளைகளின் முன்னங்கால்களுக்கும் இடையே அளந்தாள்.

"ராஜா காலை அகட்டி நிக்கறான். மத்ததெல்லாம் ஒண்ணுக்கு வந்த மாதிரி இடுக்கிட்டு நிக்குது" என்றாள்.

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். பதிவேட்டில் 'பத்து, சரி' என்று எழுதிவிட்டு வந்தேன்.

ராஜாவுக்காக ஜீவி ஒரு பையனின் தோளைக் கடித்தும் விட்டாள். அதன் பிறகுதான் ராஜாவுக்கு முறைப் பட்டியல் வந்தது. எழுதத் தெரியாத பிள்ளைகள் என்பதால் ஆளுக்கொரு படம். மீன், குடை, நட்சத்திரம், செருப்பு. ஜீவிக்குத் தேள். யார் முறை என்று சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். விடுமுறை வந்தால், முறை யாருடையதோ அவர் ராஜாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்தக் கடைசி விதி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூடாது என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆகஸ்டில் ஜன்மாஷ்டமி வந்தது. அந்த ஐந்து நாள் திருவிழாவில்தான் எங்களுக்கு வருடத்தின் பாதிக் கூட்டம் வரும். அஷ்டமியன்று காலை கர்சன்பாய் புது வேட்டி கட்டிக்கொண்டு, மச்சினன் குடும்பத்தோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவருடைய சிரிப்பு கேட்டது. மூன்றாவது அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியாடா? உன் அத்தான் கை வேலை. கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க!" என்று மச்சினனிடம் சொன்னவர், என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். "ஜானிபாய், இவ்வளவு மரியாதை வேண்டாமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் நல்லா இழைச்சுக் குடுத்திருப்பேன்."

"கர்சன்பாய், அது பழசு. நீங்க பாத்துச் செஞ்சீங்களே, அது."

"எது பழசு? என் கை எனக்குத் தெரியாதா? பழசுல காலு அகலம். எனக்கு அது அழகாப் படல, கொஞ்சம் ஒடுக்கினேன். சந்தேகமா இருந்தா வயித்தைத் திருப்பிப் பாருங்க. எது செஞ்சாலும் அடில ஒரு பருத்திக்கொட்டைய அழுத்தி எடுத்துடுவேன், அதான் என் கையெழுத்து."

வைத்யா சாகேப்பை அழைத்து வந்தேன். கூட்டத்தை வெளியேற்றிவிட்டு அலமாரியைத் திறந்தோம். அவர் காளையை எடுத்துத் திருப்பினார். வயிற்றின் நடுவில், விரல் நகம் அளவுக்குப் பருத்திக்கொட்டையின் தடம்.

கர்சன்பாய் சந்தோஷமாகத் தலையாட்டினார். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டார்.

பாலமந்திர் பூட்டியிருந்தது. குந்தன்பென் வீட்டுக்கு ஓடினோம். அவர் கையில் மாவோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, மாவோடேயே சாவியை எடுத்தார். பெட்டியில் ஒன்பது காளைகள் இருந்தன. ஒன்பதின் வயிற்றிலும் பருத்திக்கொட்டை.

"பத்தாவது எங்க?" என்றார் வைத்யா சாகேப்.

குந்தன்பென் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "ராஜாவா? இந்த லீவுக்குத் தேள். ஜீவி கொண்டுபோயிருக்கா. அம்மாவோட சேந்து நானி வாவ்டி கிராமத்துக்குப் போயிட்டா, மாமா வீட்டுக்கு."

"மியூசியப் பொருளையா?"

"பொம்மைய, சாகேப். எங்கிட்ட நீங்க குடுத்தது பொம்மை."

தொலைபேசி மணியும், தட்டும், பெருக்குகிறவளின் விளக்குமாறும் அந்த நேரத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாக என் ஞாபகத்துக்கு வந்தன.

நானி வாவ்டி பதினாறு கிலோமீட்டர். திருவிழா நாளில் பேருந்து கிடையாது. ஒரு சக்டா வண்டி கிடைத்தது. மோட்டார் சைக்கிளின் முன்பாதியை மூன்று சக்கரத் தட்டில் பொருத்திய வண்டி. பின்னால் சந்தைக்குப் போகும் பெண்களோடு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். வைத்யா சாகேப் வழி முழுவதும் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார். குண்டும் குழியுமாகக் குலுங்கியபோதும் பிரிக்கவில்லை.

மாமா வீட்டு முற்றத்தில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். நடுவில் ஜீவி. ராஜாவின் கொம்பு இரண்டிலும் சிவப்பு மெழுகுக் கலர் பூசியிருந்தது. கழுத்தில் நூல் கட்டி, நூலில் மணி கோத்து, பின்னால் தீப்பெட்டி வண்டி. ஓர் எருமைக்கன்று இரண்டடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. வைத்யா சாகேப் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அசைந்ததும் குந்தன்பென் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"பிடுங்கினா இறுக்கிப் பிடிப்பா. அவளுக்குக் கடிக்கவும் தெரியும். கேட்டு வாங்குங்க."

வைத்யா சாகேப் முற்றத்துக்குள் போனார். "பாப்பா, அதைக் கொஞ்சம் குடு."

ஜீவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"நான் மியூசியம்."

"இங்க பருத்தி மண்டி நடக்குது. வியாபாரின்னா உக்காருங்க. சும்மா வேடிக்கை பாக்கறதுன்னா தள்ளி நில்லுங்க, காத்தை மறைக்கறீங்க."

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். குந்தன்பென் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வைத்யா சாகேப் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அந்தச் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தார்.

"வியாபாரிதான்" என்றார். "பருத்தி எப்படி?"

"ஈரமா இருக்கு. மழை. இன்னிக்கு வாங்கினா நீங்கதான் காய வெச்சுக்கணும்."

"எத்தனை மூட்டை இருக்கு?"

"ஒன்பது. வேற எந்தக் காளையும் இவ்வளவு இழுக்காது. என்ன, பொய்யுன்னு நெனைக்கிறீங்களா? எண்ணிக்கோங்க."

அவர் எண்ணினார். ஓர் எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணச் சொன்னாள். அரைமணி நேரம் பேரம் நடந்தது. அவர் நடித்தார் என்று சொல்ல முடியாது. காளை எப்படி நிற்கிறது, எடை கூடினால் எந்தக் காலில் தாங்குகிறது என்று தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். "அதான் அகட்டி வெச்சிருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இருபது வருடம் அந்தக் காளையைப் பற்றி எழுதியவர் அவர்.

"பேரம் முடிஞ்சுது. காளைய அவுத்துத் தண்ணி காட்டுங்க. தூரத்துலேர்ந்து வந்திருக்கு" என்றாள் ஜீவி.

கடைசியில் ராஜா அவர் கைக்கு வந்தது. தண்ணீர் வைத்த பித்தளைத் தட்டின் விளிம்புவரை அதைக் குனிய வைத்தார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். இடது கொம்பின் நுனி, துவரம்பருப்பு அளவு, தண்ணீருக்குள் விழுந்தது.

வைத்யா சாகேப்பின் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஆறு மாசமா நாங்க விளையாடறோம். ஒருத்தர்கூட உடைக்கல" என்றாள் ஜீவி. பிறகு குந்தன்பென்னிடம், "பென், இவரைப் பட்டியல்ல சேக்காதீங்க" என்றாள்.

அவர் தண்ணீருக்குள் விரல் விட்டு அந்த நுனியைத் தேடி எடுத்துக் கைக்குட்டையில் மடித்தார்.

"ஜீவி, இதை நான் எடுத்துட்டுப் போகணும்."

"திங்கக்கிழமை வரைக்கும் என் முறை."

"தெரியும். ஆனா இது வேற ஒருத்தியோடது."

"யாரோடது?"

"உன் வயசுப் பொண்ணு. ஆத்தங்கரை மேட்டுல அவ வீடு இருந்தது."

"தொலைச்சுட்டாளா?"

"தொலைச்சுட்டா."

"தேடினாளா?"

வைத்யா சாகேப் கைக்குட்டையின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். "தேடியிருப்பா" என்றார்.

ஜீவி தீப்பெட்டி வண்டியை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். "கொம்பை ஒட்டி அவகிட்ட குடுங்க. நான் உடைக்கலன்னு சொல்லிடுங்க."

திரும்பும்போது தூறல் பிடித்தது. அவர் காளையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பாதி வழியில் குந்தன்பென் பேச்செடுத்தார்.

"சாகேப், இப்படியே கொண்டுபோய் உள்ள வெச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது? கர்சன்பாய் வாயத் தொறக்க மாட்டார். மேல எழுதினீங்கன்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவாங்க. பிள்ளைங்களுக்கு மறுபடி பல்லியும் ஃபேனும்தான்."

"கலர் போயிடும். கொம்பும் ஒட்டிடும்" என்றார் அவர். "ஆனா கழுத்தைப் பாருங்க, நூல் தேய்ச்ச தடம். இன்னும் நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் இதைப் பாத்துட்டு, நாலாயிரம் வருஷத்துக்கு முன்ன தேஞ்சதுன்னு எழுதுவான். ஜீவி தேய்ச்சதுன்னு அவனுக்கு யாரு சொல்றது?"

குந்தன்பென் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மறுநாள் அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தேதி, பொருளின் எண், சேதத்தின் அளவு. கொம்பு உடைந்தது தன் கையால் என்று எழுதச் சொன்னார். அது உண்மை. அடுத்து, "மாதிரிகளைப் பிரித்து அசலை அலமாரியில் வைத்தபோது தவறு செய்தது நானே" என்றார். என் விரல் நின்றது.

"சாகேப், அன்னிக்கு நீங்க ராஜ்கோட்..."

"அடுத்த வரி, ஜானிபாய்."

அடுத்த வரியை அடித்தேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைக்க விரும்பவில்லை. அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. மூன்றாம் நாளிலிருந்துதான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் போயிற்று.

மூன்று வாரம் கழித்து மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு துணை இயக்குநர் விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். குந்தன்பென்னைக் கூப்பிட்டார். பொருள் யார் யார் கையில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டார். குந்தன்பென் சுவர்த் தாள்களை உரித்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அவற்றை மேசைமேல் விரித்தார். துணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"இது என்ன, மீனா?"

"மீன்தான். ஜூலை நாலாம் தேதி மீன். அஞ்சாம் தேதி குடை. இங்க கோடு கிழிச்சிருக்கு பாருங்க, அன்னிக்குக் குடைக்குக் காய்ச்சல், வரல. அதனால செருப்பு."

"எழுதத் தெரியாத பிள்ளைங்களா இதை வெச்சுக்கிட்டாங்க?"

"ஒரு நாள்கூட விடல. சார், உங்க ஆபீஸ் ரெஜிஸ்டர்ல எல்லா நாளும் இருக்கா?"

அவர் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டு, நாலாவது இணைப்பு என்று எண் போட்டார். பிறகு வைத்யா சாகேப் பக்கம் திரும்பினார்.

"இருபது வருஷம் சர்வீஸ். புத்தகம் வேற எழுதியிருக்கீங்க. எதுத்தாப்புல வெச்சிருந்த காளை அசலா நகலான்னு ஆறு மாசம் உங்களுக்குத் தெரியலையா? ஒரு குயவன் வந்து சொல்ல வேண்டியிருந்ததா?"

வைத்யா சாகேப் தலை குனிந்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சார், அலமாரில வெச்சது அவரில்ல. நான்தான். அவர் அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்றேன்.

இதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காட்சியை நிறுத்த வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அதனால் நன்மை எதுவும் விளையவில்லை. வைத்யா சாகேப் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். "அடிச்சு முடிச்ச ரிப்போர்ட்டை இப்ப வந்து மாத்துவீங்களா?"

"அப்போ ரிப்போர்ட்டுல எழுதினது பொய்யா?" என்று துணை இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

அசலைக் காக்கத் தவறியது என்ற ஒரு குற்றத்தோடு போயிருக்க வேண்டியவர்மேல், என் வாயால் இரண்டாவது குற்றமும் சேர்ந்தது: அலுவலக அறிக்கையில் பொய்த் தகவல். எனக்கு ஓர் எச்சரிக்கை மெமோ, பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் இரண்டு வரி. அவரை ஐந்து மாதத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரின் ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே மண் பொருள் ஒன்றுகூடக் கிடையாது, காகிதம்தான்.

கிளம்பும் நாளன்று அவருடைய புத்தகப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொன்னது சரி" என்றார். "நான் எழுதினதுதான் தப்பு. காளையப் பத்திப் பொய் எழுதக் கூடாதுன்னு அவ்வளவு பேசிட்டு, அதே தாள்ல ஆளைப் பத்திப் பொய் எழுதினேன். கயிறை இன்னும் ஒரு சுத்து சுத்துங்க, அவிழ்ந்துடும்."

பெட்டியும் போயிற்று. அருங்காட்சியகப் பொருளோ, அதன் மாதிரியோ வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. ஒன்பது காளைகளையும் நான் எண்ணித் திரும்ப வாங்கினேன். பிள்ளைகள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள். ஜீவி அழவில்லை. தீப்பெட்டி வண்டி மியூசியப் பொருள் இல்லை, அதைத் தர முடியாது என்று மட்டும் சொன்னாள்.

குந்தன்பென் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லி என் மேசையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார்.

"பொருள் வெளிய போகக் கூடாதுன்னு இருக்கு. பிள்ளைங்க உள்ள வரக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா, ஜானிபாய்?"

தேடிப் பார்த்தேன். இல்லை.

புதிதாக வந்த காப்பாட்சியர் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த மனிதர். எதிலும் தலையிட விரும்பாதவர். குந்தன்பென்னின் விண்ணப்பத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பாலமந்திர் எங்கள் பின் தாழ்வாரத்தில் நடக்கிறது. மணலை ஆற்றிலிருந்து அவர்களே தூக்குச்சட்டியில் சுமந்து வந்தார்கள். கர்சன்பாய் சொந்தச் செலவில் ஓர் எருமையும் இரண்டு கோழிகளும் செய்து கொடுத்தார், பருத்திக்கொட்டையை இந்த முறை நெற்றியிலேயே அழுத்தி. காவல்காரர் பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொல்வதை விட்டுவிட்டார். சொன்னாலும் யாரும் வைப்பதில்லை. சத்தம் தாங்காமல் நாணயப் பிரிவுக்கு வருகிறவர்கள் புகார் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவற்றுக்குப் பதில் எழுதுவது என் வேலை.

ஜீவி அடுத்த ஜூனில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கே பெஞ்சில் கை கட்டி உட்கார வேண்டும். முதல் மாதமே யாரையோ கடித்துவிட்டதாகக் கேள்வி.

வைத்யா சாகேப்பிடமிருந்து ஒரு வருடம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கர்சன்பாயின் விலாசம் கேட்டிருந்தார். கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு பாலமந்திர் இருக்கிறதாம். இரண்டு முறை போய்ப் பார்த்தாராம். தான் உள்ளே நுழைந்தால் ஆசிரியை எழுந்து நின்றுவிடுகிறாள், பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று குந்தன்பென்னிடம் கேட்டுச் சொல்லவும் என்று எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை தாழ்வாரத்துக்குப் போய் அட்டையைக் காட்டினேன். குந்தன்பென் மணலில் முழங்கால் வரை புதைந்து உட்கார்ந்திருந்தார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"போனதும் தரைல உக்காரச் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணை எண்ணட்டும். தப்பா எண்ணட்டும். மிச்சத்தைப் பிள்ளைங்க பாத்துக்குவாங்க."

அலுவலகக் கடிதம் இல்லை என்பதால் தட்டச்சு செய்யவில்லை. கையாலேயே எழுதி, கர்சன்பாயின் விலாசத்தையும் சேர்த்து, மதியத் தபாலில் போட்டேன்.